தவில்காரர் மேல் விழுந்த பழி

2005-ல் எங்கள் வீட்டுக் கணினியில் சிடி ரைட்டர் இருக்கிறது என்ற செய்தி உறவு முழுக்கப் பரவியிருந்தது. மாம்பலத்திலிருந்து பெரியப்பா ஒரு கேசட்டோடு வந்து இறங்கினார். 1979-ல் கும்பகோணத்தில் நடந்த அவருடைய கல்யாணத்தில் வாசித்த நாகஸ்வரக் கச்சேரி, முக்கால் மணி நேரம். "நாடா அறுந்து போறதுக்குள்ள சிடில போட்டுக் குடுடா" என்றார்.

டேப் ரெக்கார்டரிலிருந்து கணினிக்கு ஒயர் இழுத்துப் பதிவு செய்து, ஆடியோ சிடியாக எழுதிக் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் காலையிலேயே போன். "டேய், தவில்காரர் நடுநடுவுல ஒரு அடி கூடுதலாப் போடுறாரேடா!"

போய்க் கேட்டேன். நாகஸ்வரம் மட்டும் ஆலாபனையில் நீந்திக்கொண்டிருக்கும் இடத்தில், தவில்காரர் அநேகமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், 'டிக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் தள்ளி இன்னொரு 'டிக்'.

"உங்கப்பா பேசிப் பிடிச்ச மேளம்தானே, இப்படித்தான் இருக்கும்" என்றார் பெரியப்பா, சமையலறைப் பக்கம் பார்த்து. பெரியம்மா கரண்டியோடு வெளியே வந்தார். "26 வருஷமா கேசட்ல இல்லாத டிக்கு இப்ப எங்கேருந்து வந்துச்சு? அதைக் கேளுங்க முதல்ல."

அந்த வீட்டில் பழுது பார்க்கத் தெரிந்தவர் அவர்தான். கணினியில் இருந்த பதிவைப் போட்டுப் பார்த்தேன், பாலாக ஓடியது. இன்னொரு சிடி எழுதினேன், அதிலும் டிக், ஆனால் வேறு இடத்தில். ஆக, கேசட்டும் சரி, பதிவும் சரி. எழுதும்போதுதான் எங்கோ இடிக்கிறது.

இங்கேதான் குழப்பம். அதே ரைட்டரில் எழுதிய போட்டோ சிடிக்கள் எல்லாம் ஒழுங்காகத் திறந்தன. காரணம் உண்டு. சிடியில் தகவலை எழுதும் ஒரு கட்டத்துக்கு செக்டார் என்று பெயர், அது 2352 பைட். தகவல் சிடியில் அதில் 2048 பைட்தான் சரக்கு. மிச்சத்தில் பெரும்பகுதி பிழை வந்தால் திருத்திக்கொள்ள ஒதுக்கியது. ஆடியோ சிடியில் 2352-ம் பாட்டுக்கே போய்விடுகிறது. அடிப்படைத் திருத்தம் இருந்தாலும் அந்தக் கூடுதல் காவல் கிடையாது. திருத்த முடியாத இடம் வந்தால் பிளேயர் ஒப்பேற்றப் பார்க்கும்; முடியாவிட்டால் டிக்.

சிடி வாங்கிய கடைக்காரர் கேட்ட மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "லென்ஸ் போச்சு சார், புது ரைட்டர் போட்டுருங்க." புது ரைட்டர் அவரிடமே இருந்தது. வாங்காமல் கிளம்பப் பார்த்ததும், "வீணாகாம இருக்கணும்னா ஆர்டபிள்யூ வாங்கிக்குங்க, அழிச்சு அழிச்சு எழுதலாம்" என்றார். யோசனை நல்லதுதான். பெரியப்பாவின் பழைய பிளேயர் அதை உள்ளே வாங்கி, சுற்றிப் பார்த்து, டிஸ்க்கே இல்லை என்று சாதித்தது. ஆர்டபிள்யூ வட்டில் வெளிச்சம் திரும்புவது சாதா சிடியைவிட ரொம்பக் குறைவு. அந்தக் காலத்துப் பிளேயர் கண்ணுக்கு அது தெரியாது.

வேகத்தைக் குறைத்தேன். 52 எக்ஸில், அதாவது பாட்டு ஓடும் வேகத்தைப் போல 52 மடங்கில், மிக்ஸி மாதிரி இரைந்த டிரைவ் 16 எக்ஸில் சாதுவானது. டிக் குறைந்தது, நிற்கவில்லை. பாழான வட்டுகளை அம்மா புறா விரட்ட பால்கனியில் கட்டினாள். புறாக்கள் கொஞ்ச நாள் யோசித்துவிட்டு அதில் முகம் பார்க்க ஆரம்பித்தன.

எழுதும்போது திரையில் ஒரு நாள் கண்ணை வைத்திருந்தேன். ரைட்டருக்குப் போகும் சரக்கு காத்திருக்கும் இடம் பஃபர்; அதைக் காட்டும் கோடு நிரம்பி நிற்பதற்குப் பதில் தடாலென்று விழுகிறது, ஏறுகிறது, மறுபடி விழுகிறது. ரைட்டர் எழுதும் வேகத்துக்குக் கணினியால் சரக்கு அனுப்ப முடியவில்லை. சரக்கு தீர்ந்தால் ரைட்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, வந்ததும் விட்ட இடத்தில் தொடரும். அந்த ஒட்டு சரியாக விழாத இடமெல்லாம் நம் தவில்காரர்.

டிவைஸ் மேனேஜரில், ரைட்டரைக் கணினியோடு இணைக்கும் தடமான ஐடிஇ சேனலைத் திறந்தால் விஷயம் தெரிந்தது. 'அல்ட்ரா டிஎம்ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'பிஐஓ'. டிஎம்ஏ என்றால் பிராசஸர் சுமக்காமலே சரக்கு நினைவகத்திலிருந்து நேராகப் போகும். பிஐஓ என்றால் ஒவ்வொரு பைட்டையும் பிராசஸர் தானே சுமந்து கொண்டுபோய்க் கொடுக்கிறது. கேபிளில் பிழை தொடர்ந்து வந்தால் விண்டோஸ் எக்ஸ்பி ஜாக்கிரதையாக ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிக் கடைசியில் இங்கே வந்து உட்கார்ந்துவிடும். தானாக மேலே ஏறாது.

பெட்டியைக் கழற்றினால் ரைட்டருக்குப் போகும் பட்டைக் கேபிள் ஒரு பக்கம் கழன்று சாய்ந்திருந்தது. பவர் சப்ளை மேல் காய்ந்த சந்தனம், குங்குமம். ஆயுத பூஜைக்குத் தம்பி உள்ளேயெல்லாம் துடைத்து, பக்தியோடு பொட்டு வைத்திருக்கிறான். ரிச்சி தெருவில் புதுக் கேபிள் வாங்கி மாட்டி, அந்த சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தேன். (அந்த பட்டனை அழுத்தக் கொஞ்சம் நெஞ்சுரம் வேண்டும்.) டிஎம்ஏ திரும்பி வந்தது, பஃபர் கோடு அசையாமல் நின்றது. சிடி முழுக்க ஒரு டிக் இல்லை.

பெரியப்பா கடைசிவரை கண்ணை மூடிக் கேட்டார். தவில்காரர் விடுதலை. பெரியம்மா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் எனக்கு மட்டும் இரண்டாவது டம்ளர் காபி வந்தது.

ஒரு வாரத்தில் மறுபடி போன். ஆரம்பத்திலேயே கரகரப்பாம். வட்டை வாங்கிப் பார்த்தேன். மேல் விளிம்பில் பால்பாயின்ட் பேனாவால் ஒரு பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே, நடு ஓட்டையை ஒட்டி, 'கல்யாணக் கச்சேரி, கும்பகோணம்' என்று ரேஷன் கார்டு விண்ணப்பம் நிரப்பும் அழுத்தத்தில். எழுத்துப் பக்கம் இருப்பது மெல்லிய அரக்குப் பூச்சுதான். அதற்கு நேர் அடியில் பாட்டு. சிடி உள்ளேயிருந்து வெளியே ஓடும், அதனால் 'கல்யாணம்' விழுந்த இடத்தில் ஆலாபனை போச்சு. முக்கால் மணி நேரப் பதிவு விளிம்புவரை போகாததால் சுழி போட்ட இடத்தில் ஒரு சேதமும் இல்லை.

இதை எல்லாம் விளக்கமாகச் சொன்னேன். பெரியப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, இன்னொண்ணு எழுதிக் குடு" என்றார். "இந்தத் தடவை பிள்ளையார் சுழி மட்டும் போட்டுக்கறேன்."