உப்பு மண்ணுக்கு எந்தச் சட்டம் காவல்?

மண்வளத்துக்கென ஐரோப்பிய ஒன்றியம் 2025-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. உறுப்பு நாடுகள் மண்ணைத் தொடர்ந்து அளந்து கண்காணிக்க வேண்டும். 2050-க்குள் எல்லா மண்ணும் நலமாக இருக்க வேண்டும் என்பது குறி. நம்மிடம் 2015-ல் வந்த மண்வள அட்டை இருக்கிறது. ஆனால் அது திட்டம், சட்டமல்ல.

அட்டையில் 12 அளவுகள் உண்டு. ராமநாதபுரம் கடலோரத்தில் தொண்டி, தேவிபட்டினம், திருப்புல்லாணிப் பக்கம் முதலில் பார்க்க வேண்டியவை கார அமில நிலையும், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனும்தான். மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்பது திட்டத்தின் கணக்கு. கடலோரத்தில் அது போதாது. ஓடை ஓர வயலும் மேட்டு வயலும் ஒன்றாகாது. தனித்தனியே எடுங்கள்.

அறுவடை முடிந்து, உரமிடும் முன், மேல் குப்பையை விலக்கி 'வி' வடிவக் குழி. நெல்லுக்கு 15 செ.மீ. ஆழம். 10, 15 இடத்து மண்ணைக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரு பங்கை நீக்கி, இப்படியே குறைத்து, அரை கிலோ எடுங்கள். வரப்போரம், எருக்குவியல் இருந்த இடம் வேண்டாம். உர சாக்கில் கட்டினால் முடிவே பொய்யாகும். கோடையில் மேலே பூத்த உப்பை மட்டும் சுரண்டினாலும் அப்படித்தான்.

மண்ணை நீரில் குழைத்து வடித்த நிறைகரைசல் சாற்றில் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸ் தாண்டினால் உவர் மண். அதற்கு ஜிப்சம் கொட்டுவது வீண்செலவு. வரப்பு உயர்த்தி, மழைநீர் தேக்கி, வடிகால் வழியே உப்பை வெளியேற்ற வேண்டும். ஜிப்சம், சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு.

விளைநிலத்தை இறால் பண்ணையாக்கக் கூடாது என்கின்றன கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் நெறிமுறைகள். பக்கத்தில் பண்ணைக் குட்டை வெட்டினால், உங்கள் வயலில் பிறகு உப்பு ஏறியது என்று காட்ட, குட்டைக்கு முந்தைய மண் பரிசோதனை அறிக்கைதான் உங்கள் கையிலுள்ள சான்று.