அரிட்டாபட்டியில் சாமிக்கு எல்லை எதுவரை?

மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் ரோட்டில் போகிறவர்களுக்கு யானைமலை ரொம்ப தூரம் வரை துணைக்கு வரும். அதன் அடிவாரத்தில் நரசிங்கம் கோயில் இருக்கிறது. 770-ல், பராந்தக நெடுஞ்சடையன் ஆட்சியில், அமைச்சர் மாறன்காரி மலையைக் குடைந்து பெருமாளுக்கு எழுப்பிய சந்நிதி. மேலூர்ப் பக்கத்து மலைக்கிராமமான அரிட்டாபட்டிக்குப் போகும்போது அங்கே யோக நரசிங்கரைச் சேவித்துவிட்டுத்தான் மேலே போவது என் வழக்கம்.

அந்தக் கோயிலுக்குச் சற்று முன்னால், அதே சாலையில்தான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. மேகமலை வனநிலத்துக்குப் பட்டா கொடுத்த விவகாரத்தில் 2022 ஏப்ரலில் நீதிபதி எஸ். ஸ்ரீமதி இங்கே ஒரு தீர்ப்பு சொன்னார். இயற்கை அன்னை உரிமையும் கடமையும் உள்ள உயிருள்ள ஆள், சட்டம் அவளை அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று அறிவித்தார். கோயில் மூலவருக்குச் சட்டத்தில் ஆள் என்ற தகுதி எப்போதோ வந்துவிட்டது. சாமி பேரில் நிலம் இருக்கலாம், சாமி பேரில் வழக்கும் போடலாம். மலைக்கும் ஆற்றுக்கும் அந்தத் தகுதி வர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. பஸ் அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போதும் என் கை தானாகக் கன்னத்துக்குப் போய்விடும்.

அரிட்டாபட்டி போய்ச் சேர்ந்ததும் பாறை தொடங்கும் இடத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டேன். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அப்பத்தாதான் சொன்னார்: "அங்கிட்டுப் போட்டுட்டு வாய்யா, இங்கருந்தே சாமி இடந்தேன்." கோயில் இன்னும் தள்ளி இருக்கிறதே என்று நினைத்து, "எதுவரைக்கும் அப்பத்தா சாமி இடம்?" என்று கேட்டேன். தொரட்டிக் கம்பால் மலையைக் காட்டினார். "அந்தா தெரியுது பாரு, அந்தப் பாறை. அதுல பெய்யிற தண்ணி இந்தா இந்தக் கம்மாய்லதான வந்து விழுகுது? அம்புட்டும் சாமிக்குத்தேன்."

அரிட்டாபட்டிக் குன்றுகளில் ஒன்றான கழிஞ்சமலையின் குடைவரைக் கோயில் முற்காலப் பாண்டியர் வேலை, ஏழு எட்டாம் நூற்றாண்டுக்குரியது. உள்ளே லிங்கத்தைக் கொண்டுவந்து வைக்கவில்லை, அதே பாறையிலேயே செதுக்கி விட்டிருக்கிறார்கள். வெளியே ஒரு பக்கம் பிள்ளையார், இன்னொரு பக்கம் கையில் தண்டத்தோடு இலகுலீசர், சிவனின் அவதாரமாகப் பாசுபதச் சைவர்கள் போற்றும் குரு. தமிழ்நாட்டில் இலகுலீசரைக் காண்பதே அபூர்வம். நான் போனபோது கூட்டம் இல்லை. வாசலில் ஒரு மண்விளக்கு அணைந்து, திரி மட்டும் கறுத்துக் கிடந்தது. கொண்டுபோன எண்ணெயை ஊற்றி ஏற்றினேன். வெளிச்சம் படப்பட, லிங்கத்தின் மேல் உளி போன தடம் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. அந்தத் தடங்களையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மலையை வெட்டுவது என்றால் இப்படியும் வெட்டலாம்.

கோயிலுக்கு வெளியே சுனை. கையை விட்டால் வெயில் நேரத்திலும் சில்லென்று இருக்கிறது. தவளைக் குஞ்சுகள் பாறை ஓரமாக ஒதுங்கின. இந்த ஏழு குன்றுகளிலும் 200 சுனைகள் இருப்பதாக அரசுக் குறிப்பு சொல்கிறது. அவற்றின் கசிவில்தான் கீழே 72 ஏரி குளங்களும் பிழைக்கின்றன. லகர் வல்லூறும் ராசாளியும் இங்கே கூடு கட்டுகின்றன. அலங்கும் (எறும்புத்தின்னி) தேவாங்கும் மலைப்பாம்பும் உண்டு.

இன்னொரு பக்கம் சமணர் படுக்கை, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட தமிழி (தமிழ் பிராமி) எழுத்து. அதையடுத்து பாறையில் ஒரு தீர்த்தங்கரர் சிற்பம், பழைய வண்ணம் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. கீழே வட்டெழுத்து. மலையின் அந்நாளைய பெயர் திருப்பிணையன் மலை என்றும், அச்சணந்தி என்ற சமண முனிவர் செய்வித்த திருமேனி இது என்றும், ஊரார் காப்பில் இருப்பது என்றும் அது சொல்கிறது. சைவன் நான், அந்தத் திருமேனியையும் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்கினேன். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இதைக் காக்கிற பொறுப்பை ஊரிடம்தானே ஒப்படைத்திருக்கிறார்கள்!

சட்டம் இங்கே வந்தது 2022 நவம்பரில். உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் 2002-ல் ஒரு பிரிவு, உள்ளாட்சிகளைக் கலந்துகொண்டு மாநில அரசு ஓர் இடத்தைப் பாரம்பரியத் தலமாக அறிவிக்க வழி செய்கிறது. அதன்படி அரிட்டாபட்டியும் பக்கத்து மீனாட்சிபுரமும் சேர்ந்து சுமார் 193 ஹெக்டேர், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆயிற்று. சரி, இனிமேல் மலைக்குப் பயமில்லை என்று நிம்மதியாக இருந்தோம்.

2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தது. 2,015 ஹெக்டேர், அதற்குள் இந்தத் தலமும் அடக்கம். ஊராட்சிகளில் கிராமசபைத் தீர்மானம் போட்டார்கள், டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. அந்த மாதக் கடைசியில் தலம் அமைந்த பகுதியை மட்டும் விட்டுவிட்டு எல்லையைத் திருத்தலாம் என்று ஒரு யோசனை மத்திய அரசிடமிருந்து வந்தது. வரைபடத்தில் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். அப்பத்தாவின் கம்பு காட்டிய எல்லையை வைத்துப் பார்த்தால் அந்தத் திருத்தம் செல்லாது. பக்கத்துக் குன்றைக் குடைந்தால் இந்தச் சுனைக்கு என்ன கதி? கண்மாய்க்கு வரத்து ஏது?

ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 2025 ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தல்லாகுளம் வரை நடந்தே வந்தார்கள். அதே மாதம் 23-ஆம் தேதி ஏலம் முழுவதுமாக ரத்து.

அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கண்மாய்க் கரையைக் காட்டுவேன். மேலூர்ப் பக்கம் மடையில் மடைக்கருப்பு இருப்பார். தண்ணீர் திறக்கும் முன் அவரிடம் உத்தரவு கேட்காமல் நீர்பாய்ச்சி கை வைக்க மாட்டார். அப்புறம் புரவி எடுப்பு. அய்யனாருக்கு மண்குதிரை செய்ய முதலில் ஊர்மண்ணில் ஒரு பிடி எடுத்து வேளாரிடம் கொடுக்கவேண்டும், பிடிமண் என்பது அதுதான். கோடையில் தண்ணீர் வற்றும்போது மீன்பிடித் திருவிழா. ஊர்ப் பெரியவர் கரையில் நின்று சாமி கும்பிட்டு வெள்ளைத் துணியை வீசும்வரை ஒருவரும் இறங்கக் கூடாது. பிடித்த மீனை விற்கவும் கூடாது, வீட்டில் குழம்பு வைத்துத்தான் தின்னவேண்டும். எழுதி ஒட்டாத சட்டம் இது.

ஆனால் பக்தி மட்டும் போதும் என்று நான் சொல்லமாட்டேன். இதே மேலூர் வட்டாரத்தில் கிரானைட்டுக்காகக் குன்றுகள் போனதை எல்லோரும் பார்த்தோம். அங்கேயும் சாமி இருந்தார், கும்பிட ஆளும் இருந்தது. விசாரணைக்கு உயர் நீதிமன்றம் 2014-ல் ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயத்தை நியமித்தபோது, வெட்டிய கல் திரும்பி வரவா போகிறது? பக்தியும் காகிதமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்தால்தான் மலை நிற்கிறது. அரிட்டாபட்டியில் இரண்டும் இருந்தன.

இந்த மலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். சிற்பத்தின் மேல் எண்ணெய் தடவாதீர்கள், கல்வெட்டுக்கு அருகில் சூடம் கொளுத்தாதீர்கள். பாக்கெட் பால், பிளாஸ்டிக் தூக்குப் பை எல்லாம் கீழேயே இருக்கட்டும். சுனைத் தண்ணீரே அபிஷேகத்துக்குப் போதும்.

அழகர்மலை அடிவாரத்தில், திண்டுக்கல் மாவட்டக் காசம்பட்டியில் வீரகோயில் காடு இருக்கிறது. 4.97 ஹெக்டேர்தான், வீரக் கருப்பு காக்கிற காடு. 2025 மார்ச்சில் அதுவும் பல்லுயிர்த் தலமாக அறிவிக்கப்பட்டது, மாநிலத்தில் இரண்டாவது. கோயில்காடு இல்லாத ஊரை மேலூர், நத்தம் பக்கம் தேடித்தான் பார்க்கவேண்டும். ஆனால் பெரும்பாலானவற்றுக்குக் கருப்பன் மட்டும்தான் காவல், அரசிதழில் பெயர் ஏறவில்லை. நம்ம ஊர்க் கோயில்காட்டின் சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு அடுத்த கிராமசபைக்குப் போய் மனு கொடுங்கள். மனுவை முதலில் கருப்பன் காலடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டே கொண்டு போங்கள்.