கேட்கும் கருவிக்கு முன் காது முடி

கேட்கும் கருவிக்காகக் காதின் அச்சை எடுக்கச் சென்றபோது, செவித்திறன் நிபுணர் விளக்கைக் காதுக்குள் அடித்துப் பார்த்த கையோடு முடியைப் பற்றித்தான் பேசத் தொடங்கினார். காதுத்துளைக்குள் குழைவான சிலிக்கோனை நிரப்பி, அது இறுகியதும் உருவி எடுப்பார்கள். முடி நீளமாக இருந்தால் அதில் சிக்கி, எடுக்கும்போது வேரோடு பிடுங்கப்படும். அச்சும் துல்லியமாக வராது. அப்படி வந்த அச்சில் செய்த கருவி காதில் சரியாகப் படியாமல், இடைவெளி வழியே ஒலி கசிந்து மைக்கை எட்டி, 'கீ' என்று விசிலடிக்கும். காதுத்துளையின் வாயில் தெரியும் முடியைக் குறைத்துக்கொண்டு வாருங்கள், உள்ளே எதையும் நுழைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

தலையில் முடி உதிர்ந்துகொண்டே இருக்க, காதில் மட்டும் ஏன் தடிக்கிறது என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேட்டேன். இரண்டையும் செய்வது பெரும்பாலும் ஒரே ஹார்மோன்தான் என்றார். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உருவாகும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன், பரம்பரையாக வழுக்கை விழும் வாகு உள்ளவர்களின் உச்சந்தலையில் மயிர்க்கால்களைச் சுருக்குகிறது. காதிலும் மூக்கிலும் உள்ள மயிர்க்கால்களையோ, பல ஆண்டுகள் மெல்லத் தூண்டி, கண்ணுக்குத் தெரியாத பூனைமுடியைக் கம்பி போன்ற முடியாக மாற்றிவிடுகிறது. இது வயதான ஆண்களிடம் அதிகம் காணப்படுவதும் அதனால்தான். காதுமடல் முடி ஒய் குரோமோசோம் வழியாகத் தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது என்று படித்த நினைவு எனக்கு இருந்தது. 2004-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று அந்தக் கருத்தை மறுத்துவிட்டது.

காதுத்துளையின் வெளிப்பகுதியில் உள்ள மெல்லிய முடியும் குறும்பியும் சேர்ந்து தூசியைத் தடுப்பதால், அதை முழுவதும் அகற்ற வேண்டிய தேவையே இல்லை. எனக்குச் சர்க்கரை நோய் இருப்பதால், சாமணத்தால் பிடுங்கவே கூடாது என்று மருத்துவர் அழுத்திச் சொன்னார்: மயிர்க்காலில் சீழ் பிடித்துக் காதுத்துளைக்குள் தொற்று பரவினால், எங்களைப் போன்றோருக்கு அது எளிதில் அடங்காது. முடி நீக்கும் கிரீமும் உள்ளே வழிந்து தோலைப் புண்ணாக்கக்கூடும். லேசர் பற்றியும் விசாரித்தேன். அது முடியின் கருநிறத்தைக் கொண்டே வேலை செய்வதால், பெரும்பாலும் நரைத்துவிட்ட என் காது முடியிடம் அதற்கு வேலையில்லை. ஒவ்வொரு மயிர்க்காலாக மின்சாரத்தால் கருக்கும் முறை நரைமுடிக்கும் பலிக்கும் என்றாலும், அதற்கான பொறுமை எனக்கு இல்லை.

மிஞ்சியது, மழுங்கிய முனையும் கத்தியை மூடிய உறையும் கொண்ட ட்ரிம்மர். குளிப்பதற்கு முன், காது ஈரமில்லாமல் இருக்கும்போது, காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால் துளையின் வாய் நன்றாகத் தெரிகிறது. வெட்டிய துணுக்குகள் உள்ளே போகாமல் இருக்க, அந்தக் காது கீழ்நோக்கும்படி தலையைச் சாய்த்துக்கொள்கிறேன். நரைமுடி குளியலறை விளக்கில் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, விரல் நுனியால் தடவினால் மிச்சம் அகப்படும். வெட்ட வெட்டத் தடிக்கும் என்று வீட்டில் எச்சரித்தார்கள்; வெட்டுப்பட்ட நுனி மொட்டையாக இருப்பதால் அப்படித் தோன்றுமே ஒழிய, வேர் மாறுவதில்லை.

அடுத்த முறை அச்சு வலியில்லாமல் வந்தது. கருவி பொருத்திய பிறகும் முடியைக் குறைத்தே வைத்திருக்கிறேன். விசில் கேட்டால் முதலில் காதின் வாயையும், பிறகு கருவியின் ஒலித்துளையில் குறும்பி அடைத்திருக்கிறதா என்பதையும் பார்க்கிறேன்.