பி.பி.எட். ரெண்டு வருஷம்: ஓடுனத விட அளந்தது தான் ஜாஸ்தி

நான் பி.எஸ்சி. மேத்ஸ். ஆனா காலேஜ்ல மூணு வருஷமும் கோ-கோ டீம்ல தான் குப்ப கொட்டுனேன், அதனால டிகிரி முடிச்சதும் பி.எட். சேருன்னு வீட்ல சொன்னப்ப பி.பி.எட்.னு, அதாவது பி.டி. டீச்சர் ஆகுற படிப்புக்கு, மாத்தி ஃபாரம் போட்டுட்டு வந்தேன். அம்மாவுக்கு "எட்"ங்கறது மட்டும் காதுல விழுந்துருக்கு, டீச்சர் வேலைக்கு தானே பொண்ணு படிக்கிறான்னு விட்ருச்சு. ட்ராக் பேன்ட் ரெண்டு செட்டு, வெள்ளை டீசர்ட் நாலு, கேன்வாஸ் ஷூன்னு லிஸ்ட் வந்தப்ப தான் விஷயம் தெரிஞ்சுச்சு. ஒரு வாரம் சரியா பேசல.

முன்னாடி இது ஒரு வருஷ கோர்ஸ், 2014-ல டீச்சர் படிப்புக்கெல்லாம் ரூல் போடுற என்.சி.டி.இ. ரூல் மாத்துனதுக்கு அப்புறம் ரெண்டு வருஷம், நாலு செமஸ்டர். அட்மிஷனுக்கு ஃபிட்னஸ் டெஸ்ட், கேம் ஸ்கில், சர்டிபிகேட்னு பாத்தாங்க. எனக்கு ஓட்டம் பிரச்சனையே இல்ல, குண்டு எறியிறதுல தான் மானம் போச்சு. பொண்ணுங்களுக்கு 4 கிலோ குண்டு, அதுக்கு முன்னாடி நான் கையில கூட எடுத்ததில்ல, என் கால்ல விழாம இருந்ததே பெரிய விஷயம்.

மொத மாசம் நரகம். காலைல அஞ்சரைக்கு ரோல் கால், ஒரு நிமிஷம் லேட்டானா கிரவுண்ட ரெண்டு சுத்து. நானும் ப்ளேயர் தானேன்னு நெனச்சுட்டுப் போனேன், நாலாவது நாள் ஹாஸ்டல் மாடிப்படி எறங்க முடியாம கம்பியப் புடிச்சுக்கிட்டு பின்பக்கமா எறங்குனேன். செம்மண் கிரவுண்டு, வெள்ளை டீசர்ட். இந்த யூனிபார்ம முடிவு பண்ணவரு வீட்ல துணி தொவச்சிருக்கவே மாட்டாரு.

ஆனா உடம்பு ஒரு மாசத்துல பழகிரும். பழகாதது படிப்பு. சும்மா வெளையாடுற கோர்ஸ் தானேன்னு இன்னைக்கும் சொந்தக்காரங்க கேக்குறாங்க, அனாடமி, ஃபிசியாலஜி, உடம்பு அசைவப் பத்தின கினிசியாலஜி எல்லாம் இருக்கு, எலும்பு பேர மனப்பாடம் பண்ணியே பாதி ராத்திரி போகும். ஹிஸ்டரில 1920-ல மெட்ராஸ்ல ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வி காலேஜ ஆரம்பிச்ச ஹாரி குரோ பக் கண்டிப்பா ஒரு கேள்வி, அவரு புண்ணியத்துல அஞ்சு மார்க்.

எனக்கு புடிச்சது ட்ராக் மார்க்கிங். மேத்ஸ விட்டு ஓடி வந்தவள மேத்ஸே வந்து புடிச்ச கதை. 400 மீட்டர் ட்ராக்ல நேர் பக்கம் 84.39 மீட்டர், வளைவோட ரேடியஸ் 36.50. ஆனா ஓடுறவன் கோட்டு மேலயே ஓட மாட்டான்ல, அதனால கர்ப்ல இருந்து, அதாவது உள்பக்கம் வைக்கிற கட்டைல இருந்து, 30 சென்டிமீட்டர் தள்ளி 36.80-னு வச்சு கணக்கு போட்டா கரெக்டா 400 வரும். மொத தடவ அத கையில போட்டுப் பாத்தப்ப ஒரு சந்தோசம். லேன் அகலம் 1.22, ரெண்டாவது லேன்ல இருந்து உள்கோட்டுக்கு 20 சென்டிமீட்டர் தள்ளி அளக்கணும், வெளி லேன்ல சுத்து பெருசு, அப்ப எல்லாரும் ஒரே தூரம் ஓடணும்னா ஒரு சுத்துக்கு ரெண்டாவது லேன் 7.04 மீட்டர் முன்னாடி நிக்கணும். இது தான் ஸ்டேகர். ரேடியஸ் எவ்ளோ இருந்தாலும் இந்த நம்பர் மாறாது, 200 மீட்டர் ட்ராக்கா இருந்தாலும் ஒரு சுத்துக்கு அதே தான், ரெண்டு லேனுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் தானே கணக்கு. கிளாஸ்ல இத நான் தான் மொதல்ல சொன்னேன், ரெண்டு நாள் தலகால் புரியல.

கிரவுண்ட்ல எறங்குனா வேற கதை. நடுவுல முளை அடிச்சு நைலான் கயிறு கட்டி வளைவு போட்டேன், சார் வந்து பாத்துட்டு, "ஏம்மா, நைலான் இழுக்க இழுக்க நீளும், உன் ட்ராக் காலைல ஒரு அளவு சாயந்திரம் ஒரு அளவா?"ன்னாரு. அழிச்சுட்டு ஸ்டீல் டேப் வச்சு திரும்ப. சுண்ணாம்பு தூசி கண்ணுல போயி வெயில்ல அழுதுக்கிட்டே போட்டோம்.

மூணாவது செமஸ்டர்ல டீச்சிங் பிராக்டிஸ், ஒரு ஸ்கூலுக்கு அனுப்புனாங்க. லெசன் பிளான் எழுதி எழுதி கை போச்சு, அதுலயும் கடைசில ரிக்ரியேஷன் பார்ட்னு ஒரு மைனர் கேம் கட்டாயம் வைக்கணும். புள்ளைங்களுக்கு அது மட்டும் தான் வேணும், "மிஸ் கர்ச்சீப் கேம்"னு ஆரம்பத்துலயே கேட்ரும். பி.டி. பீரியட் பாதி நாள் மேத்ஸ் சார் வாங்கிட்டுப் போயிருவாரு, நான் மேத்ஸ்னு தெரிஞ்சதும் என்னையே எடுக்கச் சொன்னாரு, அது தனிக் கொடுமை. கெளம்புறதுக்கு முன்னாடி ஸ்போர்ட்ஸ் டே. நானும் ஃப்ரெண்டும் சேந்து சுண்ணாம்புல 200 மீட்டர் ட்ராக் போட்டோம், ஸ்டேகர் ரெண்டாவது லேனுக்கு 7.04, மூணாவதுக்கு 14.70-னு பாக்காமலே அளந்தேன்.

கடைசி செமஸ்டர் வைவால, அதாவது வாய்மொழித் தேர்வுல, வெளிய இருந்து வந்த எக்ஸாமினர் ஸ்டேகர் எவ்ளோன்னு கேட்டாரு. கேட்டு முடிக்கல, 7.04-ன்னேன். எங்க கிரவுண்ட கைகாட்டி, "கர்ப் எங்கம்மா இருக்கு?"ன்னாரு. இல்ல, வெறும் சுண்ணாம்புக் கோடு. கோடு மட்டும்னா மொத லேனையும் 20 சென்டிமீட்டர்ல தான் அளக்கணும், அப்ப ஸ்டேகர் 7.67. சொல்லிட்டு அவரு அடுத்த கேள்விக்கு போயிட்டாரு, மார்க்கும் போட்டாரு, எனக்குத் தான் மனசு அங்கயே நின்னுருச்சு. அந்த ஸ்கூல்லயும் கர்ப் கெடையாது. அப்ப நான் போட்ட ட்ராக்ல மொத லேன தவிர மத்த எல்லாரும் 63 சென்டிமீட்டர் கூட ஓடிருக்காங்க, ஒரு முழத்துக்கும் மேல. எட்டாம் கிளாஸ் பொண்ணுங்க 200 மீட்டர்ல மூணாவது லேன்ல ஓடுன புள்ள மொத லேன் புள்ளகிட்ட ஒரு கை தூரத்துல தோத்துச்சு. டென்ட் கிட்ட உக்காந்து அழுதுக்கிட்டு இருந்துச்சு, நான் தான் போயி தண்ணி குடுத்து, அடுத்த வருஷம் ஜெயிச்சுரலாம்னு சொல்லிட்டு வந்தேன்.