பாத்துக்கோ

"பாத்துக்கோ தம்பி." கடைக்கார அண்ணன் சொன்னது அவ்வளவுதான். 2011 ஆகஸ்ட் 25, பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, காதில் போனோடு நின்றார். இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சொல் என்னை விடவில்லை.

நான் கேட்டதும் தெளிவாக இல்லைதான். "அப்பாச்சில ஒரு ஓட்டை வந்திருக்குங்ண்ணா, நம்ம சர்வர்ல இருக்கான்னு பாக்கட்டுங்களா?" என்றேன். அப்பாச்சி என்பது வெப் சர்வர் மென்பொருள். அதன் பதிப்பு எண்ணைப் பார்ப்பதா, அந்த ஓட்டை வழியே சர்வரை அடித்தே பார்ப்பதா? என் மனதில் இருந்தது இரண்டாவது. பாத்துக்கோ என்றால் 'உன் பொறுப்பு' என்றும் ஆகும், 'ஜாக்கிரதை' என்றும் ஆகும். மலையாளத்து 'நோக்கிக்கோ'வும் அப்படித்தான்.

ஓட்டை இதுதான். பாதியில் நின்ற டவுன்லோடைத் தொடர, கோப்பின் இந்தத் துண்டு மட்டும் போதும் என்று பிரவுசர் கேட்க ஒரு வழி உண்டு, ரேஞ்ச் என்பார்கள். ஒரே கோரிக்கையில் ஒன்றன்மேல் ஒன்று படிகிற 1300 துண்டுகளைக் கேட்டால், அப்பாச்சி ஒவ்வொன்றுக்கும் தனியாக மெமரி ஒதுக்கப் பார்க்கும். அப்படி ஐம்பது கோரிக்கைகளைச் சேர்ந்தாற்போல் அனுப்பும் ஸ்கிரிப்ட், அதாவது ஒரு சின்ன புரோகிராம், அந்த வாரம் எல்லார் கைக்கும் வந்துவிட்டது. ஓட்டையை அடைத்த 2.2.20 பதிப்பு வந்தது 30ஆம் தேதிதான். ஆனால் ஐந்து துண்டுக்கு மேல் கேட்டால் ரேஞ்சையே எடுத்துவிடச் சொல்லும் தற்காலிக செட்டிங் வரிகள் 24ஆம் தேதியே எச்சரிக்கையோடு வந்திருந்தன. அதைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

கண்ணால் காட்டினால்தான் அண்ணன் நம்புவார் என்று நினைத்தேன். அவர் என்னை நம்பாமல் இருந்ததே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

ராத்திரி பதினொன்றரைக்கு அந்த ஸ்கிரிப்டை எங்கள் சர்வர்மேலேயே ஓட்டினேன். அரை நிமிஷத்தில், மெமரி போதாதபோது டிஸ்கில் எடுத்துக்கொள்ளும் இடமான ஸ்வாப்பும் நிரம்பியது. ஹார்டு டிஸ்க் விளக்கு மினுங்குவதை விட்டு ஒரேயடியாக எரிந்தது. மெஷினுக்கு உயிர் இருக்கிறதா என்று Num Lock-ஐ அழுத்தினேன், கீபோர்டில் விளக்கு மாறவில்லை. கொஞ்சம் காத்திருந்தால் தானாக மீண்டிருக்குமோ என்னவோ. பயத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்துவிட்டேன். திரும்ப எழுந்தபோது அதில் இருந்த பால் சங்கத்தின் கணக்கு டேபிள் உடைந்திருந்தது. சாயங்காலக் கறவைக் கணக்கு முழுக்கப் போய்விட்டது.

காலையில் மறைக்காமல் சொன்னேன். "அடிச்சுப் பாக்கச் சொல்லி நான் எப்பத் தம்பி சொன்னேன்?" என்றார். "பாத்துக்கோன்னீங்களேண்ணா." கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் போனை எடுத்து, கரண்ட் போய் சர்வர் நின்றுவிட்டது என்று சங்கத்துக்குச் சொன்னார். அது என்னைக் காப்பாற்றவா, கடையின் பேரைக் காப்பாற்றவா? காப்பாற்றப்பட்டவன் அதைக் கேட்கலாமா என்றும் தெரியவில்லை. அன்றைக்குத் திட்டியிருந்தால் இதை இவ்வளவு நாள் சுமந்திருக்க மாட்டேன்.

ஒன்பது மணிக்குச் சங்கத்து அக்கா நோட்டோடு வந்தார். பேர் பேராக லிட்டரை வாசித்தார், நான் டைப் அடித்தேன். பாதியில் நிறுத்தி, "யூபிஎஸ் இல்லீங்களா தம்பி?" என்று கேட்டார்.

"பேட்டரி போயிருச்சுங்கக்கா" என்றேன். மேஜைக்கடியில் யூபிஎஸ் ஓடிக்கொண்டிருந்தது. என் கணுக்காலில் அதன் சூடு பட்டது. அவர் அடுத்த பேரை வாசித்தார்.