ஒரு கலியாண வீடியோவை இறக்க மூன்று கிழமை

ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவின் மகளுக்கு ஆவணியில் கலியாணம் நடந்தது. அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. முதல் பேத்தியின் தாலிகட்டைப் பார்க்க முடியாமல் போனதில் அவவுக்குப் பெரிய மனவருத்தம். கார்த்திகையில் வீடியோ தயாரானதும் அண்ணாவின் மகன் அதை கிளவுட்டில் ஏற்றி லிங்க் அனுப்பினான். ஒரே கோப்பு, 11 ஜிபி. யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அதை இறக்கி முடிக்க மூன்று கிழமை போய்விட்டது. இன்னும் அந்தச் சலிப்பு தீரவில்லை. ரெலிபோன் செம்புக் கம்பி இணைப்பில் இருக்கும் வேறு யாருக்காவது உதவட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

எங்களுடையது 8 எம்பிபிஎஸ் இணைப்பு. எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் பிரித்தால் நொடிக்கு 1 எம்பி. 11 ஜிபிக்கு மூன்று மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. இரவு போட்டுவிட்டுப் படுத்தால் விடிய முடிந்திருக்கும் என்று நினைத்தேன். லப்டொப்பில் இடம் இல்லாததால் 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றைச் செருகி, நேரே அதற்குள் இறங்க விட்டேன். விடிய எழும்பிப் பார்த்தால் சிவப்பு எழுத்தில் தோல்வி. அடுத்த இரவும் அப்படியே. அதற்கடுத்த இரவும் அப்படியே.

மூன்றாம் நாள்தான் எந்த இடத்தில் நின்றது என்று பார்த்தேன். மூன்று தடவையும் 4 ஜிபியில் நின்றிருந்தது. லைன் பிழை என்றால் ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் அறுந்திருக்காது. பிழை பென்டிரைவில். 32 ஜிபியும் அதற்குக் குறைந்ததும் பெரும்பாலும் ஃபாட்32 முறையில்தான் ஃபோர்மட் செய்யப்பட்டு வரும். அதில் எவ்வளவு வெற்றிடம் இருந்தாலும் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. இது தெரியாமல் மாத டேட்டாவில் 12 ஜிபி போய்விட்டது. பெரிய கோப்பு இறக்குகிறவர்கள் முதலில் பென்டிரைவில் வலது கிளிக் செய்து, புரொப்பர்ட்டீஸில் எந்த ஃபோர்மட் என்று பாருங்கள். அந்தத் தடை இல்லாத எக்ஸ்ஃபாட்டுக்கு மாற்றலாம், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

சரி, பழைய படங்களை வேறு டிஸ்கிற்கு மாற்றி லப்டொப்பிலேயே இடம் எடுத்தேன். இப்போது 4 ஜிபியைத் தாண்டியது, 5.3இல் அறுந்தது. மறுநாள் 1.8இல். அதற்குப் பிறகு 7இல். அதற்குள் மழையும் பிடித்துவிட்டது. மாரி மழை, விட்டுவிட்டு நாள் முழுக்க.

ஒவ்வொருத்தரும் ஒவ்வொன்று சொன்னார்கள். டிஎன்எஸ்ஸை 8.8.8.8 ஆக்கச் சொன்னார் ஒருவர். டிஎன்எஸ் இணையத்தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைக் கண்டுபிடித்துக் கொடுப்பதோடு சரி. இறங்கத் தொடங்கிய கோப்பு நடுவில் அறுவதற்கு அது காரணமாக இருக்கிறது குறைவு. வைஃபை பிழை என்றார் இன்னொருவர். கேபிளை நேரே லப்டொப்பில் குத்திப் பார்த்தேன், அப்போதும் அறுந்தது. ஆகவே வைஃபையும் இல்லை.

அப்புறம்தான் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். "சேர், ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாருங்கோ" என்றார் அந்தப் பிள்ளை. அதைப் பலதரம் செய்தாயிற்று என்றேன். "அப்ப பின்பக்கம் இருக்கிற சின்ன ஓட்டையில ஊசியால அமத்துங்கோ." அமத்தினேன். ரவுட்டரில் இருந்த பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் அழிந்தது. திரும்ப அழைத்துக் கடவுச்சொல்லைக் கேட்டால், இணைப்பின் சொந்தக்காரரிடம்தான் கொடுப்பார்களாம். இணைப்பு அப்பாவின் பெயரில் இருக்கிறது. அப்பா காலமாகி ஆறு வருடம். இவ்வளவு காலமும் பில்லை நான்தான் கட்டுகிறேன், பெயர் மாற்றவேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

யாராவது ரீசெட் பண்ணச் சொன்னால், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அமத்துங்கள். பெற்றோர் பெயரில் இருக்கும் லைனை மாற்ற வேண்டியவர்கள் இந்த மாதமே மாற்றுங்கள்.

மறுநாள் மழைக்குள் காங்கேசன்துறை வீதியில் பஸ் பிடித்து ரவுணுக்குப் போனேன். துண்டு எடுத்து ஒன்றரை மணித்தியாலம் இருந்தேன். கவுண்டரில் இருந்தவர் தலை நிமிராமல் "மரணச் சான்றிதழ் கொண்டு வந்தனீங்களோ?" என்று கேட்டார். கொண்டு போகவில்லை. பில்லும் என் அடையாள அட்டையும்தான் கையில் இருந்தன. தொலைபேசியில் அவர்கள் இதைச் சொல்லியிருந்தால் அந்த ஒரு நாள் மிச்சம். அடுத்த நாள் சான்றிதழோடு திரும்பப் போனேன், திரும்ப ஒன்றரை மணித்தியாலம். கடவுச்சொல் கிடைத்தது. தரவிறக்கம் அறுவதைச் சொன்னதும் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "லைன் நல்லாத்தான் இருக்கு, ஸ்பீட் எட்டு வருது. உங்கட கொம்பியூட்டரிலதான் பிழை" என்றார். ஸ்பீட் டெஸ்ட் ஓடுவது சில நொடி. எனக்கு வேண்டியது மூன்று மணித்தியாலம் அறாத லைன். அதைச் சொல்லி முடிக்குமுன் அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்தக் கோபத்தோடு ரவுணிலேயே ஒரு கடையில் 8,500 ரூபாய்க்குப் புது ரவுட்டர் வாங்கினேன். ஒரு மாற்றமும் இல்லை.

உண்மையில் வழி காட்டியது பக்கத்து வீட்டு ஐ.ரி. ரீச்சர். ரவுட்டரின் பக்கத்தைத் திறக்கச் சொன்னார், பெரும்பாலும் 192.168.1.1. அதில் ரவுட்டர் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பது ஒரு இடத்திலும், டிஎஸ்எல் லைன் (ரெலிபோன் கம்பியில் வரும் இணைய இணைப்பு) எவ்வளவு நேரமாக அறாமல் இருக்கிறது என்பது இன்னொரு இடத்திலும் இருக்கும். எங்களுடையதில் ரவுட்டர் இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருந்தது, லைனுக்கு வயது 14 நிமிடம். லைன் அறுந்து ஒரு நிமிடத்துக்குள் தானாகவே திரும்பி வந்துவிடுகிறது. வாட்ஸ்அப்புக்கோ செய்தி வாசிப்பதற்கோ அது தெரியாது. ஆனால் திரும்பி வரும்போது வீட்டுக்கு வேறு ஐபி முகவரி கிடைக்கலாம். அப்படியானால் பழைய முகவரியோடு நடந்துகொண்டிருந்த தரவிறக்கம் அப்படியே செத்துப்போகும்.

அதே பக்கத்தில் எஸ்என்ஆர் மார்ஜின் என்று ஒரு எண் இருக்கும், டெசிபெல்லில். லைனில் இருக்கும் இரைச்சலைத் தாண்டி சிக்னலுக்கு எவ்வளவு இடைவெளி மிச்சம் என்பதை அது காட்டும். 6க்குக் கீழே போனால் லைன் தளம்பத் தொடங்கும். எங்களுக்குக் காய்ந்த நேரத்தில் 9, மழை பெய்யும்போது 3. சிஆர்சி பிழைகளின், அதாவது வழியில் பழுதாகி வந்த தரவுத் துண்டுகளின், எண்ணிக்கையும் பார்த்துக்கொண்டிருக்கவே ஏறியது.

"அண்ணா, ரெலிபோன் ரிசீவரை எடுத்து ஒரு இலக்கத்தை மட்டும் அமத்திப்போட்டுக் கேளுங்கோ" என்றார் ரீச்சர். டயல் சத்தம் நின்றதும் காதுக்குள் கரகரவென்று எண்ணெய் பொரிகிற மாதிரிச் சத்தம். நாங்கள் கைத்தொலைபேசியிலேயே கதைப்பதால் வீட்டு ரெலிபோனை மாதக்கணக்காக யாரும் எடுத்திருக்கவில்லை.

இனி நான் சொல்வதுதான் இந்த மூன்று கிழமையில் எனக்குக் கிடைத்த ஒரே கெட்டித்தனம். முறைப்பாடு செய்யும்போது டவுன்லோட் அறுகிறது என்று சொல்லாதீர்கள். ரெலிபோன் கரகரக்கிறது, மழை பெய்தால் கூடுகிறது என்று சொல்லுங்கள். முதலாவதைச் சொன்னால் ஸ்பீட் டெஸ்ட்டோடு முடிந்துவிடும். நான் இரண்டாவதைச் சொன்னேன், முறைப்பாட்டு இலக்கம் கேட்டு எழுதிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையே ஏணியோடு ஆள் வந்தார்.

வந்தவர் இளம் பொடியன், நல்ல வேலைக்காரன். கூரை ஓரத்தில் கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு பழைய முறுக்கு இணைப்பு. அதைச் சுற்றியிருந்த நாடா உரிந்து, உள்ளே செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. "அண்ணை, இதுக்குள்ள தண்ணி போய்ப் போய்த்தான்" என்று காட்டினார். ஒரு அடி அளவு வெட்டி எறிந்துவிட்டு, ஜெல் நிரப்பிய கொனெக்டர் போட்டு இணைத்தார். பத்து நிமிட வேலை. எஸ்என்ஆர் 12க்கு ஏறியது. வெளியே தூறிக்கொண்டுதான் இருந்தது. ரிசீவரை எடுத்துக் கேட்டேன், ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியைக் கேட்டபோது வந்த சந்தோசத்தைச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் இன்னொன்று மிச்சம் இருந்தது. அம்மாவின் ரி.வி. பழையது, எக்ஸ்ஃபாட் பென்டிரைவ் அதற்குத் தெரியவில்லை. ஃபாட்32 என்றால் 4 ஜிபி தடை. ஆகவே அண்ணாவின் மகனிடம் வீடியோவைத் துண்டாக்கித் தரச் சொன்னேன். அங்கே இரவு 10 மணி என்றால் இங்கே காலை 8.30, அவன் படுக்கப் போகுமுன் பிடித்துவிட்டேன். மறுபடி என்கோட் பண்ணாமல் வெட்டினால் தரமும் குறையாது, நேரமும் போகாது. பொன்னுருக்கல், தாலிகட்டு, மத்தியானப் பந்தி, இரவு வரவேற்பு என்று நான்காக்கி அனுப்பினான். பெரியதே 3.3 ஜிபி. ஒன்று அறுந்தாலும் அந்த ஒன்றை மட்டும் திரும்ப இறக்கினால் போதும். இதை முதல் நாளே கேட்டிருக்கலாம்.

நான்கும் ஒரே காலையில் இறங்கின. ஒவ்வொன்றின் எஸ்எச்ஏ-256 எண்ணையும் (கோப்பில் சிறு மாற்றம் இருந்தாலும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்) அவன் அனுப்பியதோடு ஒத்துப்பார்த்தேன், நான்கும் சரி.

பென்டிரைவை ரி.வி.யில் குத்தியதும் "தம்பி, முதல்ல தாலிகட்டைப் போடு" என்றா அம்மா. அதை இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் பொன்னுருக்கலுக்குப் போனா. இணைப்பைப் பெயர் மாற்றும் விண்ணப்பத்தை அன்று பின்னேரமே நிரப்பி வைத்துவிட்டேன், திங்கட்கிழமை கொண்டுபோகிறேன்.