ரூட் இல்லாத சர்வரில் போஸ்ட்கிரெஸ்: ஓர் அகர வரிசைக்காகப் பட்ட பாடு

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நடுகல்லுக்குப் பஞ்சமே இல்லை. ஏரிக்கரையில், புளிய மரத்தடியில், யாரோ ஒருவருடைய வயல் வரப்பில் என்று நின்றுகொண்டிருக்கும். விடுமுறை நாட்களில் வண்டியை எடுத்துக்கொண்டு போய் அவற்றைப் படமெடுத்துப் பட்டியல் போடும் சிறு கூட்டம் எங்களுடையது. பட்டியல் இதுவரை ஸ்ப்ரெட்ஷீட்டில்தான் இருந்தது. அதைப் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸுக்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது.

மாற்றுவதற்கு இரண்டு காரணங்கள். 2004 பிப்ரவரியில்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதற்கு முந்தைய குறிப்புகளில் ஊத்தங்கரை, ஓசூர், தேன்கனிக்கோட்டை எல்லாமே தருமபுரி மாவட்டம். பழையது, புதியது இரண்டையும் வைத்துத் தேட முடிய வேண்டும். இன்னொரு காரணம், எங்களோடு வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா. பட்டியலை அச்செடுத்துக் கொடுத்தால் முதலில் அவர் பார்ப்பது அகர வரிசையைத்தான். "பெரும்பாலைக்கு முன்னால பென்னாகரம் எப்படிப்பா வந்துச்சு? ரகரம் முந்தியா, றகரத்துக்குப் பக்கத்துல இருக்கிற னகரம் முந்தியா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. யுனிகோடில் தமிழ் எழுத்துகளின் இட ஒதுக்கீடு இஸ்கி என்ற பழைய இந்திய குறியீட்டு முறையை ஒட்டி அமைந்தது. அதனால் ன போய் ந பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, ற போய் ர பக்கத்தில். எண் வரிசைப்படி அடுக்கினால் நம் அகர வரிசை வராது. மொழி தெரிந்த லைப்ரரி (மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) ஒன்று வேண்டும். அதுதான் ஐசியு.

சர்வர் ஓசூரில் நண்பர்கள் சிலர் சேர்ந்து வைத்திருக்கும் பழைய மெஷின். டெபியன் 11 ஓடுகிறது. எனக்கு இருப்பது சாதாரண யூசர் கணக்கு. பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் சூடோ, அதாவது ரூட் என்ற நிர்வாகி உரிமையோடு கட்டளை ஓட்டும் அனுமதி, கேட்டுப் பார்த்தேன். "ரூட் மட்டும் கேக்காத தம்பி. உன் ஹோம் ஃபோல்டருக்குள்ள என்ன வேணா பண்ணிக்கோ, நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்" என்றார். அவர் சொல்வதும் சரிதான். பலர் புழங்கும் மெஷினில் ஒருவர் ஒரு லைப்ரரியை மாற்றினால் இன்னொருவருடைய புரோகிராம் நின்றுவிடும். ஆக, வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்காமல் அலமாரி வைப்பது போன்ற வேலை.

உட்கார்ந்து யோசித்தால் ரூட் தேவைப்படும் இடங்கள் மிகக் குறைவு. சிஸ்டம் ஃபோல்டர்களில் எழுத, பேக்கேஜ் மேனேஜரில் நிறுவ, 1024க்குக் கீழே எண் உள்ள போர்ட்டை (இணைப்பு வாசலை) திறக்க. அவ்வளவுதான். போஸ்ட்கிரெஸோ ஒரு படி மேலே போய், ரூட்டாக இயக்கினால் ஓடவே மாட்டேன் என்று மறுத்துவிடும். அதன் இயல்பான போர்ட் 5432, அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். முன்பெல்லாம் ஷேர்டு மெமரி அளவைக் கூட்டச் சொல்லி கெர்னல் அமைப்பில் கை வைக்கச் சொல்லும். 2013இல் வந்த 9.3 பதிப்போடு அந்தத் தொல்லையும் போயிற்று.

பேக்கேஜாக நிறுவ வழியில்லாததால் சோர்ஸிலிருந்து, அதாவது மூல நிரலிலிருந்து, நானே கம்பைல் செய்து கட்ட வேண்டும். பதிப்பு 16ஐ எடுத்தேன். 17 இருக்கும்போது ஏன் 16 என்றால், 16 வரை சோர்ஸ் கட்டிலேயே பைசன், ஃப்ளெக்ஸ் என்ற கருவிகள் உருவாக்கும் ஃபைல்கள் தயாராக உள்ளே இருக்கும். 17இலிருந்து அவற்றை எடுத்துவிட்டார்கள். இந்த மெஷினில் கம்பைல் செய்யத் தேவையான ஜிசிசி, மேக் இரண்டும் உண்டு, பைசனும் ஃப்ளெக்ஸும் இல்லை. இன்னும் இரண்டு சார்புகளைச் சேர்த்துக் கட்டுவதற்குப் பதில் ஒரு பதிப்பு பின்னால் நின்றுகொள்ளலாம். 15க்குக் கீழே போகவும் வழியில்லை. ஒரு டேட்டாபேஸ் முழுவதற்கும் ஐசியு வரிசையை இயல்பாக வைக்கும் வசதி 15இல்தான் வந்தது.

கம்பைல் செய்வதற்கு முன் மெஷினைச் சோதித்துத் தயார்செய்யும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டுக்கு ப்ரீஃபிக்ஸ் என்று ஒரு பாதையைக் கொடுத்தால் எல்லாம் அங்கேதான் போய் உட்காரும். என் ஹோமுக்குள் 'சொந்தம்' என்ற பொருளில் ஒரு ஃபோல்டர் வைத்து எல்லாவற்றுக்கும் அதையே கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃபோல்டர் வைப்பவர்களும் உண்டு, நீக்குவது சுலபம் என்பார்கள். ஒரே இடம் என்பதில் வேறொரு லாபம் இருக்கிறது, கீழே வருகிறேன்.

முதல் ஓட்டத்திலேயே ஐசியு லைப்ரரி காணவில்லை என்று நின்றது. 16ஆம் பதிப்பில் ஐசியு வேண்டும் என்பதே இயல்புநிலை. வேண்டாம் என்றால் நாம்தான் சொல்ல வேண்டும். பிழைச் செய்தியே "ஐசியு இல்லாமல் கட்ட இந்த ஆப்ஷனைக் கொடு" என்று வழியும் காட்டும். தேடிப் பார்த்தால் பலர் தரும் அறிவுரையும் அதுதான். ஐசியுவுக்காகவே இத்தனை பாடு என்றிருக்கும்போது அதைக் கழற்றிவிட்டு என்ன செய்வது?

இந்த இடத்தில் ஒரு விஷயம் புதியவர்களைக் குழப்பும். ஒரு லைப்ரரி சிஸ்டத்தில் இருப்பது வேறு, அதை வைத்து இன்னொன்றைக் கம்பைல் செய்ய முடிவது வேறு. டெபியனில் ஓடுவதற்கான ஃபைல் ஒரு பேக்கேஜில் வரும். கம்பைலருக்கு லைப்ரரியை அறிமுகப்படுத்தும் ஹெடர் ஃபைல்கள், பதிப்பு எண் இல்லாத லிங்க் எல்லாம் பெயர் 'டெவ்' என்று முடியும் இன்னொரு பேக்கேஜில் வரும். போஸ்ட்கிரெஸ் கேட்கும் இன்னொரு லைப்ரரியான ரீட்லைனுக்கு (அடித்த கட்டளைகளை நினைவில் வைப்பது) இங்கே முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை. அதை நிறுவத்தான் ரூட் வேண்டும், பதிவிறக்க வேண்டியதில்லை. ஆப்ட்-கெட் டவுன்லோட் சாதாரண யூசருக்கும் வேலை செய்யும். வந்த கட்டை டெபியனின் பேக்கேஜ் கருவியான டிபிகேஜியின் எக்ஸ் ஆப்ஷனில் பிரித்தால் விரும்பிய ஃபோல்டரில் கொட்டிவிடும். உள்ளே இருக்கும் லிங்க்குகளை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே உண்மையான ஃபைல் இருக்கும் என்று நம்பி நிற்பவை, நம் ஃபோல்டருக்கு வந்ததும் அந்தரத்தில் தொங்கும். சிஸ்டத்தில் இருக்கும் ஃபைலை நோக்கிப் புதிதாக லிங்க் போட்டேன், ரீட்லைன் முடிந்தது. இது இல்லாமலும் போஸ்ட்கிரெஸைக் கட்டலாம். ஆனால் டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் டெர்மினல் கருவியான பிஎஸ்கியூஎல்லில் மேல் அம்புக்குறியை அழுத்தினால் பழைய கட்டளை வராது. நாலு வரிக் கேள்வியைத் திரும்பத் திரும்ப அடிக்கும் பொறுமை எனக்கில்லை.

ஐசியுவையும் இதே குறுக்கு வழியில் எடுத்திருக்கலாம். வேண்டுமென்றேதான் சோர்ஸிலிருந்து கட்டினேன். வரிசைப்படுத்தும் விதிகள் லைப்ரரிப் பதிப்புக்குப் பதிப்பு மாறும். தேடலுக்காக டேட்டாபேஸ் வைத்திருக்கும் இன்டெக்ஸ் பழைய விதிப்படி அடுக்கப்பட்டிருக்க, லைப்ரரி புது விதிப்படி தேடினால், இருக்கும் பதிவையே இல்லை என்று சொல்லிவிடும். 2018இல் வந்த, லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி 2.28 வரிசை விதிகளைப் பெரிதாக மாற்றியபோது, ஐசியு பக்கமே போகாமல் சிஸ்டம் லொகேலை (மொழி அமைப்பை) நம்பியிருந்த போஸ்ட்கிரெஸ்காரர்கள் இந்த வலியைப் பார்த்தார்கள். நாளை அண்ணன் டெபியனை மேம்படுத்தினால் என் பட்டியலுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. ஐசியு என் கையில் இருந்தால் எப்போது மாற்றுவது என்பதும் என் முடிவு.

74ஆம் பதிப்பு. சோர்ஸைப் பிரித்தால் உள்ளே இன்னொரு சோர்ஸ் ஃபோல்டர் இருக்கும், கான்ஃபிகர் அதற்குள்ளேதான். கம்பைல் ஆக நேரம் பிடிக்கும். மொழித் தரவு மட்டுமே 30 எம்பி சுமாருக்கு ஒரு லைப்ரரியாக வரும். பகிர்ந்த மெஷின் என்பதால் நைஸ் போட்டு முன்னுரிமையைக் குறைத்து, நோஹப் போட்டு விட்டேன். எங்கள் ஊரில் மழை தூறினாலே இணைப்பு போய்விடும், பாதியில் அறுந்தால் முதலிலிருந்தா?

லைப்ரரிகள் இருக்கும் இடத்தைச் சொல்லும் பேக்கேஜ்-கான்ஃபிகும் இந்த மெஷினில் இல்லை. ஆகவே ஹெடர்கள் எங்கே, லைப்ரரிகள் எங்கே என்று ஐசியு சிஃப்ளாக்ஸ், ஐசியு லிப்ஸ் ஆகிய இரண்டு மாறிகளில் நானே எழுதிக் கொடுத்தேன். கான்ஃபிகர் ஏற்றுக்கொண்டது. மேக் முடிந்தது. இன்ஸ்டால் முடிந்தது. இயக்கினால், ஐசியு டேட்டா லைப்ரரியைத் திறக்க முடியவில்லை என்றது!

ஃபைல் அங்கேதான் இருக்கிறது, மற்ற இரண்டு ஐசியு லைப்ரரிகளுக்குப் பக்கத்திலேயே. ஒரு புரோகிராமுக்கு வேண்டிய லைப்ரரிகள் எங்கே கிடைக்கின்றன என்று காட்டும் எல்டிடி கட்டளையைப் போட்டுப் பார்த்தால் அந்த இரண்டும் கிடைக்கின்றன, இது மட்டும் 'நாட் ஃபவுண்ட்'. காரணம் சுவாரசியமானது. போஸ்ட்கிரெஸ் கட்டும்போதே தன் லைப்ரரி ஃபோல்டரின் பாதையைத் தன் உடம்பில் எழுதிக்கொள்ளும். ஒரே ப்ரீஃபிக்ஸ் வைத்ததன் லாபம் என்றேனே, அது இதுதான்: ஐசியுவும் அதே ஃபோல்டரில் இருப்பதால் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பாதை ரன்பாத் என்ற வகையில் எழுதப்படுகிறது. ரன்பாத் நேரடியாகக் கேட்கும் லைப்ரரிக்கு மட்டுமே செல்லும். போஸ்ட்கிரெஸ் டேட்டா லைப்ரரியை நேரடியாகக் கேட்பதில்லை, ஐசியுவின் இன்னொரு லைப்ரரிதான் கேட்கிறது. அதற்குள் எந்தப் பாதையும் எழுதப்படவில்லை. அது பாவம் சிஸ்டம் ஃபோல்டர்களில் தேடிவிட்டுக் கைவிரித்தது.

உடனடி மருந்து எல்டி லைப்ரரி பாத் என்ற மாறி. டெர்மினலில் அதை வைத்ததும் ஓடியது. எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த ஷெல்லில் நான் ஓட்டும் மற்ற எல்லா புரோகிராமும் என் லைப்ரரிகளை முதலில் எடுக்கும். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரானில் அந்த மாறி இருக்காது, அங்கே மறுபடி விழும். சரியான வழி, ஐசியுவின் கான்ஃபிகருக்கே எனேபிள்-ஆர்பாத் என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. அதைக் கொடுத்து ஐசியுவை மட்டும் மறுபடி கட்டினேன். போஸ்ட்கிரெஸைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. எல்டிடியில் எல்லா வரியும் நிறைந்தது. இணையத்தில் இந்தப் பிழைக்கு நூறு பதில்கள் இருக்கும், தொண்ணூறு எல்டி லைப்ரரி பாத்தோடு நின்றுவிடும்.

அடுத்து, டேட்டாபேஸுக்கான இடத்தை முதன்முதலில் உருவாக்கும் இனிட்டிபி. என்கோடிங் யுடிஎஃப் 8, லொகேல் ப்ரொவைடர் ஐசியு, ஐசியு லொகேல் தமிழுக்கான 'டிஏ'. இங்கே கவனிக்க வேண்டியது வேறு. எதுவும் சொல்லாவிட்டால் உள்ளூர் இணைப்புகளுக்கு 'ட்ரஸ்ட்' என்று வைத்துவிடும், அதாவது அந்த மெஷினில் இருக்கும் யாரும் பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே வரலாம். எச்சரிக்கை ஒன்றைக் காட்டும், யார் படிக்கிறார்கள்? சொந்த லேப்டாப்பில் பரவாயில்லை. பகிர்ந்த சர்வரில் லோக்கல்ஹோஸ்ட் என்றால் எல்லோருடைய ஹோஸ்டும்தான். ஸ்க்ராம் என்ற பாஸ்வேர்டு சரிபார்ப்பு முறையைக் கேட்டு, பாஸ்வேர்டு வைத்தே தொடங்குங்கள். இன்னொன்று, சோர்ஸிலிருந்து கட்டிய போஸ்ட்கிரெஸ் தன் சாக்கெட்டை (உள்ளூர் இணைப்புகள் நுழையும் ஃபைலை) பொது டெம்ப் ஃபோல்டரில் வைக்கும். அதை என் ஹோமுக்குள், எனக்கு மட்டும் அனுமதி உள்ள ஃபோல்டருக்கு மாற்றினேன். ரூட் இல்லாமல் நிறுவுவதைப் பற்றி எழுதுபவர்கள் பாதைகளோடு நிறுத்திவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்த இரண்டு மாற்றங்கள்தான் முக்கியம்.

மீதி வேகமாக முடிந்தது. பட்டியலை வலைப்பக்கமாகக் காட்டும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸைக் கட்டும்போது, அதற்கு வேண்டிய பிசிஆர்இ, இசட்லிப் லைப்ரரிகள் இரண்டின் சோர்ஸ் ஃபோல்டரைக் காட்டினால் அதுவே கம்பைல் செய்து தனக்குள் சேர்த்துக்கொள்ளும், லைப்ரரித் தேடல் எதுவும் இல்லை. போர்ட் 8080. பைத்தானில் வென்வ் (பேக்கேஜ்களுக்கான தனி ஃபோல்டர்) உருவாக்கினால், பேக்கேஜ் நிறுவும் பிப்பைக் கொண்டுவரும் என்ஷ்யூர்பிப் இல்லை என்று நிற்கும், டெபியன் அதைத் தனிப் பேக்கேஜாகப் பிரித்து வைத்திருக்கிறது. பிப் இல்லாமல் வென்வை உருவாக்கி, பிறகு கெட்-பிப் ஸ்கிரிப்டை அதற்குள் ஓட்டினால் போதும். பைத்தானைப் போஸ்ட்கிரெஸோடு இணைக்கும் சைகோபிஜி2இல், கம்பைல் செய்தே வரும், பைனரி என்று முடியும் பேக்கேஜை எடுத்தேன், பைத்தான் ஹெடர் இல்லாத இடத்தில் அதுதான் சுலபம். 8080 வெளியே திறக்காது. இப்போதைக்கு எஸ்எஸ்ஹெச் டன்னல் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக என் லேப்டாப்பில் பார்க்கிறேன், கூட்டத்துக்கும் அப்படியே காட்டுகிறேன்.

மின்சாரம் போய் மெஷின் மறுபடி எழுந்தால்? க்ரானின் பட்டியலான க்ரான்டேபில் 'ரீபூட்' என்ற வரி சாதாரண யூசருக்கும் உண்டு. போஸ்ட்கிரெஸைத் தொடங்கும் பிஜி கண்ட்ரோலை முழுப் பாதையோடு எழுதினேன். க்ரானுக்கு நம் பாத் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியல்) தெரியாது. அண்ணன் ஒரு நாள் மெஷினை ரீஸ்டார்ட் செய்தபோது தானாகவே எழுந்து நின்றது.

இப்போது வரிசை. அதியமான்கோட்டை, அரூர், அனுமந்தபுரம். முன்பு அனுமந்தபுரம் அரூருக்கு முன்னால் நின்றது. பெரும்பாலை முந்தி, பென்னாகரம் பிந்தி. ஐயா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுப் பட்டியலையும் விரலால் ஓட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அது பாராட்டு.

ஒரு பஞ்சாயத்து மட்டும் பாக்கி. ஐசியு கிரந்த எழுத்துகளை னகரத்துக்கும் பிறகு, கடைசியில் வைக்கிறது. ஜக்கசமுத்திரமும் நல்லம்பள்ளிப் பக்கத்து ஜருகும் பட்டியலின் அடியில் போய் நிற்கின்றன. அகராதி முறை அதுதான் என்று ஐயாவுக்குத் திருப்தி. கூட்டத்து இளவட்டங்கள் சகரத்தை ஒட்டித் தேடிவிட்டு, ஜருகுக் கல்லைச் சேர்க்கவே இல்லையே என்று எனக்குப் போன் போடுகிறார்கள். வரிசையை மாற்றும் எண்ணம் எனக்கில்லை. தேடும் பெட்டியில் 'சருகு' என்று அடித்தாலும் கிடைக்கும்படி மாற்றுப் பெயர்களுக்கு ஒரு அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்னால், ராத்திரிதோறும் பிஜி டம்ப், அதாவது டேட்டாபேஸின் நகல், எடுக்கும் வரியை க்ரானில் சேர்க்க வேண்டும்.